உப்பளத்துக் கணக்கர் கண்ட மேடை

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் பாதையிலே போனவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்போரம் குவித்துவைத்த வெள்ளை அம்பாரங்கள். உச்சி வெயிலிலே கண்ணைக் கூசவைக்கும் அந்த வெண்மைக்கு நடுவே, குனிந்த முதுகோடு உப்பு வாரும் ஆண்களும் பெண்களும். அதைத் தாண்டினால் கடல். துறைமுகத்தின் வாயிலிலே வ.உ. சிதம்பரனாரின் பெயர், 2011-ஆம் ஆண்டு சூட்டப்பட்ட பெயர்.

சிதம்பரனாரை நாடறியும். 1906-இலே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908-இலே கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்குத் துணை நின்றவர், அதற்காகச் சிறையிலே செக்கிழுத்தவர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே வட்டாரத்திலே, அவருக்கு 5 ஆண்டு முன்னதாகப் பிறந்து, அந்த உப்பளத்திலேயே கணக்கெழுதிப் பிழைத்து, பிறகு கணக்கேட்டை மூடிவிட்டு மேடை ஏறிய இன்னொருவர் உண்டு. ஒருவர் கடலை நோக்கிப் போனார். மற்றவர் திரைச்சீலைக்குப் பின்னே போனார். அந்த இன்னொருவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று கலைஞர்கள் இன்றும் வணங்கும் பெரியவர்.

அவருடைய கதையை இன்று ஏன் சொல்ல வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வேலைக்குப் போகும் பையன் ஒருவன் ஆட்டத்திலும் பாட்டிலும் நாட்டம் கொண்டால், கூத்தாடிப் பயல் என்று ஏசுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வயிற்றுப் பாட்டுக்கு ஆகாத வேலை என்கிறார்கள். அப்படி ஏசுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்கட்டும்.

பிறப்பும் படிப்பும்

1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர், இராமாயணத்திலே துறைபோனவர். தாயார் பேச்சியம்மாள். காட்டுநாயக்கன்பட்டி மாடமாளிகை நிறைந்த பட்டணமல்ல; கரிசல் வெயில் காயும் சிற்றூர். அந்த ஊரிலே பிள்ளைக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் தகப்பனாரின் வாய்தான். விருத்தமும் வெண்பாவும் பால்குடியோடு சேர்ந்து உள்ளே இறங்கின என்றால் மிகையாகாது.

அவருக்கு வயது 9 ஆனபோதுதான் தென்னாட்டை வாட்டிய அந்தக் கொடும் பஞ்சம் தொடங்கியது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அது. 1876-இல் தொடங்கி 1878 வரை பல இலட்சம் உயிரைக் கொண்டுபோன பஞ்சம். பின்னாளிலே, பசி பொறுக்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலே தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையை அவர் நாடகமாக்கினார். பஞ்ச காலத்திலே வளர்ந்த ஒருவர் அந்தக் கதையைத் தொட்டது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

தந்தையிடம் கற்றது போதாமல், வண்ணம் பாடுவதிலே இணையற்றவரான தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே உடன் பயின்றவர். 16 வயதிலேயே வெண்பா, கலித்துறை, இசைப்பாட்டு என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

புலமை வந்தது, சோறு வரவில்லை. புலவனுக்கு அன்று வழி இரண்டு. ஒன்று, ஜமீன்தார் வாசலிலே காத்துக்கிடந்து புகழ்பாடுவது. மற்றொன்று, வேலைக்குப் போவது. சங்கரன் வேலைக்குப் போனார். உப்பளத்திலே கணக்கர் வேலை.

கணக்கேடும் கூத்தும்

உப்பளத்துக் கணக்கு என்றால் என்ன வேலை என்று அந்தப் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. எத்தனை மூட்டை வாரினார்கள், எத்தனை மூட்டை ஏற்றினார்கள், யாருக்கு எவ்வளவு கூலி, யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று எழுத வேண்டும். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டு ஆண்ட காலம் அது. வாரும் கை வேறு, எழுதும் கை வேறு, இலாபம் எண்ணும் கை வேறு. நடுவிலே இருந்த கை அவருடையது. காலிலே உப்புநீர் அரித்துப் புண்ணானவர்களின் பெயர்களை நாள்தோறும் எழுதிய கை அது. சில ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

அந்த நாளிலே தெற்குச் சீமையில் கோயில் கொடை என்றால் கூத்து உண்டு. அதோடு புதுமாதிரியான நாடகக் கம்பெனிகளும் ஊர் ஊராக வரத் தொடங்கியிருந்தன. படுதாக்களும் காட்சித் திரைகளும் கொண்ட பார்சிக் கம்பெனிகளைப் பார்த்து, தமிழிலும் அப்படிக் கொட்டகை போட்டு ஆட ஆரம்பித்திருந்தார்கள்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நம் மொழியிலே கூத்து என்ற ஒரே சொல் ஆடலையும் குறிக்கும், கதை தழுவி வரும் நாடகத்தையும் குறிக்கும். நாடகம் ஆடினார்கள் என்றுதான் நம் ஊரார் சொல்வார்கள். ஆட்டத்தையும் பாட்டையும் நடிப்பையும் மூன்று துண்டாக வெட்டிப் பார்க்கும் வழக்கம் நம் மக்களிடம் இல்லை. கால் தாளம் போடும், வாய் பாட்டுக் கட்டும், கண் கதை சொல்லும். மூன்றும் சேர்ந்ததுதான் கூத்து. உப்பளத்துக் கணக்கரைப் பிடித்துக்கொண்ட ஆசை இந்த மூன்றும் சேர்ந்த ஆசைதான். ஏட்டிலே கிடந்த அவருடைய விருத்தத்துக்கு மேடையிலே காலும் கையும் முளைக்கும் என்று கண்டுகொண்டார். பிறகென்ன, கணக்கேடு கசந்தது.

1891-ஆம் ஆண்டு. வயது 24. மாதச் சம்பளத்தை உதறிவிட்டு நாடகத்திலே சேர்ந்தார்.

அதே 1891-ஆம் ஆண்டிலேதான் சென்னைப் பட்டணத்திலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும், வக்கீல்களும், உத்தியோகஸ்தர்களும் கூடி, ஓய்வு நேரத்திலே நாடகம் ஆடிய சபை. நல்ல பணிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு நாடகம் போனாலும் வக்கீல் தொழில் இருந்தது. நம் கணக்கருக்கு நாடகம் போனால் பட்டினிதான் இருந்தது. இரண்டு துணிச்சலும் ஒன்றாகுமா? தோழர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

வேடம் கட்டிய நாட்கள்

இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடக சபையிலே முதலில் இடம் கிடைத்தது. ஆளைப் பார்த்து அவருக்குக் கொடுத்தவை எல்லாம் அச்சமூட்டும் வேடங்கள். இராவணன், இரணியன், எமன், கடோற்கசன், சனீசுவரன். குரலும் கம்பீரமும் அப்படி.

அவருடைய நடிப்பைப் பற்றி நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. நளதமயந்தியிலே சனீசுவரனாக வேடம் போட்டு, இரவெல்லாம் ஆடி, விடியற்காலையிலே மையும் எண்ணெயுமாய் நீர்நிலைக்குப் போனாராம். நீர்த்துறைக்கு வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ந்து உயிர்விட்டாளாம். சாவித்திரி நாடகத்திலே அவர் எமனாக வந்ததைக் கண்டு கருவுற்ற பெண் ஒருத்தி கருக்கலைந்தாள் என்றும் சொல்வார்கள். இவற்றிலே நடந்தது எவ்வளவு, பின்னால் சேர்ந்தது எவ்வளவு என்று நாம் வழக்காட வரவில்லை. அவர் வேடம் கட்டுவதை விட்டுவிட்டார் என்பது உறுதி. தன் ஆட்டம் ஓர் உயிரை வருத்துமானால் அந்த ஆட்டம் தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிய உள்ளத்தைத்தான் நாம் இங்கே பார்க்கிறோம். கைதட்டல் உச்சத்திலே இருக்கும்போது மேடையைவிட்டு இறங்குகிறவர் எத்தனை பேர்?

இறங்கியவர் வேறு கம்பெனியிலே ஆசிரியரானார். சாமி நாயுடுவின் சபையிலே சூத்திரதாரராகவும் இருந்தார். பிறகு அதையும் விட்டார். காவி உடுத்தினார்; ஊர் ஊராகத் தலயாத்திரை போனார். சங்கரன் சுவாமிகளானது அப்படித்தான். மணம் செய்துகொள்ளவில்லை. ஆசையெல்லாம் அணைந்து போயிற்று என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம்.

தாளம் அழைத்தது

அணையவில்லை. யாத்திரை அவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தது. அங்கே இருந்தார் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்ற சின்னஞ்சிறு தோற்கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிப் பெரிய வித்துவான்களை வியக்கவைத்தவர். தாளத்திலே அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் பெற்றவர். அவர் இந்தத் துறவியைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். தாள நுட்பத்தையும் சந்த முறையையும் ஊட்டினார்.

தண்டபாணி சுவாமிகளிடம் எழுத்திலே கற்ற சந்தம், மான்பூண்டியா பிள்ளையிடம் கைவிரலிலே இறங்கியது. தாளம் தெரிந்த புலவன் எழுதும் பாட்டு வேறு. தாளம் தெரியாத புலவன் எழுதும் பாட்டு வேறு. முன்னதற்கு ஆடலாம், பின்னதைப் படிக்கத்தான் முடியும். சுவாமிகளின் பாட்டுகளிலே கால் எடுத்து வைக்க இடம் இருந்தது, மூச்சு வாங்க இடம் இருந்தது, மிருதங்கக்காரர் புகுந்து விளையாட இடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத நடிகனும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தான் என்றால், அந்தச் சந்தம் செய்த வேலை அது.

வளர்த்தவரின் தூண்டுதலால் மறுபடியும் நாடகத்துக்கு வந்தார். இம்முறை வேடதாரியாக அல்ல, ஆசிரியராக. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர், வேலு நாயர் என்று பலருடைய சபைகளிலே பணிபுரிந்தார். 1910-இலே சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தமாகவே ஒன்று தொடங்கினார். பின்னாளிலே நாட்டையே குரலால் கட்டிப்போட்ட கிட்டப்பா, சிறுபிள்ளையாக இருந்தபோது பயின்ற இடங்களிலே அதுவும் ஒன்று.

அவர் வருவதற்கு முன்னே மேடை எப்படி இருந்தது? கதை இன்னதென்று மட்டும் தெரியும். பேச்சு அவரவர் வாய்க்கு வந்தது. இராமனும் இராவணனும் போட்டிபோட்டுப் பேசிக் கதையை விட்டு எங்கோ போய், கடைசியிலே வாய்ச்சண்டையாக முடிந்த இரவுகளும் உண்டு. சுவாமிகள் பாட்டு, விருத்தம், வசனம் என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தார். பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, சதி சுலோசனா, பிரகலாதன், அபிமன்யு சுந்தரி என்று நீளும் பட்டியல். 68 நாடகங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். உப்பு மூட்டைக்குக் கணக்கெழுதிய கை இத்தனை எழுதியது!

பிள்ளைகளின் ஆசிரியர்

வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கு காண்பது அரிதாக இருந்தது. நேரத்துக்கு வருவதில்லை, பாடத்தை மாற்றுவது, குடி, பிணக்கு. ஆகவே சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் முறை வளர்ந்தது. 1918-இலே மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது, சுவாமிகளே ஆசிரியர். அதிலே சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களிலே சண்முகத்துக்கு அப்போது வயது 6. பின்னாளிலே ஔவையாராக வேடம் பூண்டு, ஔவை சண்முகம் என்று நாடு அழைத்தவர் அவரே.

அந்தச் சிறுவனுக்காக ஒரே இரவிலே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை முழுவதுமாக எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே தம் வாழ்க்கை நூலிலே பதிந்து வைத்திருக்கிறார். ஏழைப் பிள்ளைகள் அவர்கள். வீட்டிலே சோறில்லாமல் கம்பெனிக்கு வந்தவர்கள் பலர். பாலர் கம்பெனி வாழ்வு மலர்ப்படுக்கை அல்ல. அடியும் உண்டு, தூக்கமின்மையும் உண்டு, தாயைப் பிரிந்த அழுகையும் உண்டு. இதை மறைத்துப் பேசுவது சரியாகாது. ஆனால் பள்ளிக்கூடம் கதவடைத்த பிள்ளைகளுக்குத் தமிழும் இசையும் தாளமும் கிடைத்த இடமாகவும் அதுவே இருந்தது. திருத்தமான உச்சரிப்பு, மேடையிலே நிற்கும் நிலை, அடியெடுத்து வைக்கும் அளவு, எல்லாம் அங்கே பாடம்.

1921-இலே பக்கவாதம் அவரைத் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சும் தடுமாறியது. ஆடிய கால், பாடிய வாய், எழுதிய கை, மூன்றின்மேலும் நோய் கை வைத்துவிட்டது. ஆயினும் கம்பெனியைவிட்டு அவர் போகவில்லை. பிள்ளைகள் போகும் ஊருக்கெல்லாம் உடன் போனார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியிலே கண்மூடினார். சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. குடும்பம் என்று சொல்ல அந்தப் பிள்ளைகள்தான். கருவடிக்குப்பத்திலே அவரை அடக்கம் செய்தார்கள்.

விதை விழுந்த இடங்கள்

அவருடைய நாடகங்கள் புராணக் கதைகள். கற்பும் விதியும் கடவுளும் பேசுகின்றன. அந்தக் கருத்துகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. கணவன் எது செய்தாலும் பொறுத்துப்போகும் பெண்ணை இன்றைய பெண் ஏற்கமாட்டாள், ஏற்கவும் வேண்டாம். ஆனால் அவர் விட்டுப்போன மேடை அந்தக் கருத்துகளோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

விசுவநாததாஸ் என்ற தியாகியை நினைத்துப் பாருங்கள். நாவிதர் குலத்திலே பிறந்ததால் உடன் நடிக்கவே சிலர் மறுத்த மனிதர். வள்ளி திருமணத்திலே அவர் முருகன். தினைப்புனத்திலே பறவை விரட்டும் காட்சியிலே, வெள்ளையனையே பயிரைக் கொள்ளையிட வந்த கொக்காக்கிப் பாட்டுப் பாடினார். கொட்டகை அதிர்ந்தது, போலீஸ் வந்தது, சிறை பலமுறை வாய்பிளந்தது. 1876-இலேயே நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டு வைத்திருந்த அரசாங்கத்துக்கு ஒரு முருகன் வேடதாரி பெருந்தலைவலியானார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையிலே, முருகன் வேடத்தோடு மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. உப்பளத்துக் கணக்கரின் பாட்டு மேடை விடுதலைப் போரின் மேடையாகவும் ஆயிற்று!

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் சபை கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் தந்தது, கே.ஆர். இராமசாமியைத் தந்தது. அந்த மேடையிலிருந்து சீர்திருத்தக் கருத்து எப்படி நாட்டிலே பரவிற்று என்பதைத் தோழர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்றும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் பேசி முடித்தால், ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறொரு ஊரிலிருந்து ஆர்மோனியக்காரர் என்று வந்து சேருவார்கள். ஒத்திகை இல்லை. இரவு பபூன் வந்து சிரிக்கவைப்பார்; ஆட்டக்காரப் பெண் வந்து ஆடுவார்; பிறகு வள்ளி வருவாள், முருகன் வருவான், விடியும்வரை நடக்கும். அன்றுதான் சந்தித்த ஆட்களால் இது எப்படி முடிகிறது? எல்லார் நெஞ்சிலும் ஒரே பாடம் இருக்கிறது. அது சுவாமிகள் எழுதிய பாடம். நூறாண்டு கடந்தும் அவர்தான் அங்கே வாத்தியார்.

அந்தக் கலைஞர்களின் நிலையையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. கொடைக் காலம் இருந்தால் வேலை. மழைக்காலம் வந்தால் வேலையில்லை. 2020-இலே கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றபோது மேடைகளும் இருண்டன. இரவெல்லாம் கைதட்டிய ஊர், மேடையிலே ஆடும் பெண்ணைப் பகலிலே தெருவிலே கண்டால் ஏளனம் பேசுகிறது. ஆட்டத்தைப் பார்க்க ஆசை. ஆடுகிறவரை மதிக்க மனமில்லை. உப்பு வேண்டும், உப்பு வாரியவரின் கால் புண் கண்ணில் படக்கூடாது என்பதுபோன்ற நியாயம் இது!

சுவாமிகளுக்கு மதுரைத் தமுக்கத்திலே சிலை இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்திலே நிகழ்கலைப் பள்ளி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஒவ்வோராண்டும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துக்குப் போய் மாலை சூட்டி, அவர் பாட்டையே பாடி வணங்குகிறார்கள். நல்லது. சிலைக்கு மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

அடுத்த கொடைக்கு உங்கள் ஊரிலே நாடகம் பேசும்போது, கலைஞருக்குப் பேசிய கூலியை விடியும்முன் எண்ணிக் கொடுக்கச் செய்யுங்கள். தங்க இடமும் உண்ணச் சோறும் மரியாதையோடு கிடைக்கச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலே, உங்கள் தெருவிலே, வேலை முடிந்து வந்த களைப்போடும் தாளம் போட்டு ஆடிப்பார்க்கும் பிள்ளை ஒன்று இருந்தால், கூத்தாடி என்று ஏசாதீர்கள். ஏசத்தான் வேண்டுமென்று நா துடித்தால், தூத்துக்குடி உப்பளத்திலே கணக்கெழுதிக்கொண்டிருந்த 24 வயது வாலிபன் ஒருவனை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஏச்சுக்கு அஞ்சிக் கணக்கேட்டோடு இருந்திருந்தால், நமக்கு வள்ளியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை, விசுவநாததாஸ் ஏறி நின்ற மேடையும் இல்லை.